காலிக் கட்டத்தில் யார் எழுதிய பூஜ்யம்?

(வையம்பட்டியில் கணினி மாணவர்கள், அலுவலகப் பணியாளர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழையிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் மழைப் பேச்சு என்றால் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்ற தைரியம்தான். திருச்சி மாவட்டத்தின் மழை அளவுப் பட்டியல் செய்தித்தாளில் வரும்போது மணப்பாறையோடு பொன்னணியாறு அணை என்றும் ஒரு பெயர் வரும். நம் அணை. காலை எட்டரை மணிக்கு மழைமானியில் இருக்கும் நீரை அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழை இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிறார்கள். வானம் பார்த்த பூமி நம்முடையது. வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்கு அந்த எண் பூஜ்யம்தான்.

ஒரு நாள் அளக்க வேண்டியவர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கட்டம் காலி. பார்வைக்கு அதுவும் பூஜ்யம் மாதிரிதான் தெரியும். ஆனால் பூஜ்யம் ஓர் அளவு. ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, நீர் இல்லை என்று சொன்ன சாட்சியம். காலிக் கட்டத்தில் சாட்சியே கிடையாது.

கணக்குக்காகப் பத்து நாள் எடுத்துக்கொள்வோம். எட்டு நாள் அளந்திருக்கிறார்கள், மொத்தம் 40 மி.மீ.; இரண்டு நாள் காலி. தரவுத்தளத்திடம் சராசரி கேட்டால், காலியை ஒதுக்கிவிட்டு, 40ஐ எட்டால் வகுத்து 5 என்று சொல்லும். காலி இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்ட நிரலிடம் கேட்டால் பத்தால் வகுத்து 4 என்று சொல்லும். எது சரி? இரண்டையுமே சரியென்று சத்தியம் செய்ய முடியாது. அளக்காத இரண்டு நாளும் கொட்டித் தீர்த்த நாட்களாக இருந்திருக்கலாம். கொட்டுகிற நாளில்தானே அணைக்குப் போவது சிரமம்? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முதல் விடை தந்த பட்டியலிடம், 'பத்தில் எத்தனை நாள் அளந்தாய்?' என்று கேட்டால், எட்டு என்று ஒப்புக்கொள்ளும். இரண்டாவதிடம் கேட்டால் பத்து நாளும் அளந்தேன் என்று சாதிக்கும். பொய் சொல்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காலியைக் காலியாகவே கொண்டு வந்து, அதைப் பற்றி முடிவெடுக்கத் தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டும். வழியில் யாரும் நிரப்பக் கூடாது. இது எண், இது எழுத்து என்று தரவின் வகை பார்த்துக் கறாராக நடந்துகொள்ளும் நிரல்மொழிகள்தாம் வழியில் நிரப்புவதில் பெரிய கை என்பது வேடிக்கை.

தரவுத்தளத்தில் இந்தக் காலிக்கு 'நல்' என்று பெயர். அட்டவணையாகத் தரவை அடுக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்று வங்கியிலும் ரேஷன் கடையிலும் ரயில் முன்பதிவிலும் ஓடுகிற தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் பிள்ளைகள். பிறகு 1979இல் வந்த விரிவான கட்டுரையில், தெரியாத மதிப்பை என்ன செய்வது என்பதையும் எடுத்துக்கொண்டார். 1985இல் அவர் வகுத்த விதிகளில் மூன்றாவது, 'நல்' என்பது பூஜ்யமும் அல்ல, எழுத்தில்லாத வெற்றுச் சரமும் அல்ல, அதை எல்லா வகைத் தரவுக்கும் ஒரே முறையில் கையாள வேண்டும் என்று சொல்கிறது.

இதை நம் கிராமக் கணக்கு எழுதியவர்களிடம் சொல்லியிருந்தால், இதற்கு எதற்கு ஐயா கட்டுரை என்று கேட்டிருப்பார்கள். அடங்கலை எடுத்துப் பாருங்கள், கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று பசலி வாரியாக எழுதுவது. பயிர் வைக்காத புலத்துக்கு எதிரே சும்மா விடுவதில்லை. 'தரிசு' என்று எழுதுவார்கள். தரிசு என்றால் போய்ப் பார்த்தாயிற்று, பயிர் இல்லை. ஒன்றும் எழுதாமல் கிடந்தால் இன்னும் பார்க்கவில்லை. அதேபோல் படிவம் நிரப்பும்போது, பொருந்தாத கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்வார்கள். மணமாகாத பெண்ணின் படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் கோடு. கணவர் இருக்கிறார், பெயரை எழுத மறந்துவிட்டார்கள் என்றால் அங்கே கோடு இருக்காது, வெறுமையாக இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அந்த வெறுமையைப் பார்த்ததும் படிவத்தைத் திருப்பித் தள்ளுவார். காகிதத்தில் 'இல்லை' ஒன்று, 'பொருந்தாது' ஒன்று, 'தெரியவில்லை' ஒன்று. மூன்றையும் அட்டவணைக்குள் ஏற்றும்போது ஒரே 'நல்' ஆக்கிவிட்டோம்.

காட் இதை உணர்ந்தார். 1990இல் வெளியிட்ட புத்தகத்தில், இருக்க வேண்டியது ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறியும், இந்த நபருக்கு இது பொருந்தவே பொருந்தாது என்பதற்கு இன்னொரு குறியும் வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. அவரோடு சேர்ந்து உழைத்த கிறிஸ் டேட், எதிர்ப்பக்கம் போய், 'நல்' என்பதே வேண்டாம் என்று வாதாடினார். தரவுத்தளம் விற்ற நிறுவனங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஒரே 'நல்'லோடு நின்றுவிட்டன. ஆரக்கிள் ஒரு படி மேலே போய், வெற்றுச் சரத்தையும் 'நல்' என்றே எடுத்துக்கொள்கிறது. இனிஷியல் இல்லாதவரும், இனிஷியல் என்னவென்று நாம் கேட்டு வைக்காதவரும் அங்கே ஒரே ஆள்.

ஒரு சின்ன ஆபத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் உண்டு. தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமா என்று கேட்டால், தெரியாது என்று சொல்லும். நியாயம்தான். இப்போது முதியோர் உதவித்தொகைப் பட்டியலில், இறந்தோர் பட்டியலில் இல்லாத அட்டை எண்களை மட்டும் எடு என்று கட்டளை எழுதுகிறீர்கள். இறந்தோர் பட்டியலில் யாரோ ஒருவருக்கு மட்டும் அட்டை எண் காலியாக இருக்கிறது. வையம்பட்டி ஒன்றியம் முழுவதற்கும் ஒரு பெயர்கூட வராது. அந்தக் காலி எண் யாருடையதாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே ஒவ்வொருவரைப் பற்றியும், இவர் அந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று கைவிரிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெறும் காலிப் பக்கம் வரும்.

இப்போது நிரல்மொழிகள் பக்கம் வருவோம். அங்கேயும் 'நல்' இருக்கிறது, ஆனால் அது வேறு குடும்பம். அதைப் பெற்றவர் டோனி ஹோர். 1934இல் கொழும்பில் பிறந்தவர். பட்டியலை வேகமாக வரிசைப்படுத்தும் குவிக்சார்ட் முறையைக் கண்டவர். 1980இல் டூரிங் விருது பெற்றவர். 1965இல் அல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைக்கும்போது, எதையும் சுட்டாத சுட்டி ஒன்றைச் சேர்த்தார். செய்வது சுலபமாக இருந்தது, அதனால் சேர்த்தேன் என்று 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் அவரே சொல்லி, அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று பெயரிட்டார். அவருடைய 'நல்' எங்கேயும் சுட்டவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு 'நல்' ஒன்றுக்கொன்று சமம். காட் சொன்ன 'நல்' தனக்குத் தானே சமம் என்றுகூடச் சொல்லாது. பெயர் ஒன்று, சுபாவம் வேறு. மைக்ரோசாஃப்ட் இதைப் புரிந்துகொண்டுதான் சி ஷார்ப் உலகத்தில் தரவுத்தளத்திலிருந்து வரும் காலிக்கு 'டிபி நல்' என்று தனிப் பெயர் வைத்தது. இரண்டும் வேறு என்று தெரியாமல் ஒப்பிட்டுவிட்டு, ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரவு முழுக்க விழித்திருக்கும் இளைஞர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு.

இந்த இரண்டு குடும்பமும் சந்திக்கிற இடம் வாசல். தரவுத்தளத்திலிருந்து ஒரு வரிசை நிரலுக்குள் நுழைகிற இடம். என்னைக் கேட்டால் கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகளும் அரசுத் துறைகளும் அதிகம் நம்புகிற மொழி. தரவுத்தளத்தோடு பேச அதில் ஜே.டி.பி.சி. என்ற பாலம் 1997 முதல் இருக்கிறது. மழை அளவை முழு எண்ணாக எடுத்துத் தா என்று 'கெட் இன்ட்' என்ற கட்டளையால் கேட்கிறோம். 'இன்ட்' வகைக்குள் எண்ணைத் தவிர வேறெதுவும் நுழைய முடியாது, அதில் ஜாவா மகா கறார். கட்டம் காலியாக இருந்தால்? பூஜ்யத்தைத் தருகிறது. தவறிப்போய் அல்ல, ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. உண்மையா பொய்யா என்று கேட்கும் 'கெட் பூலியன்' கட்டளைக்குக் காலி வந்தால், பொய் என்று தருகிறது. ஓய்வூதியம் நிறுத்தப்பட்டதா என்ற கட்டம் நிரப்பப்படாமல் இருந்தால், நிறுத்தப்படவில்லை என்று ஆகிவிடும். அசலில் காலியாக இருந்ததா என்று அறிய வேண்டுமானால், எண்ணை வாங்கிய பிறகு திரும்பி, 'வாஸ் நல்' என்று தனியாகக் கேட்க வேண்டும். முதலில் பொய்யை வாங்கிக்கொண்டு, பிறகு, 'இப்போது சொன்னது பொய்யா?' என்று விசாரிக்கும் ஏற்பாடு. எத்தனை பேர் விசாரிப்பார்கள்?

இதற்கு மருந்தாக வந்தவைதாம் புதிய மொழிகள் என்று சொல்வார்கள். கோட்லின் 2016இல் முதல் பதிப்பு கண்டபோது, காலியாக இருக்கக்கூடிய வகைக்கு ஒரு கேள்விக்குறி போட வேண்டும் என்று வைத்தது. போடாத வகைக்குள் காலி வராது. போட்ட வகையைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் நிரல் ஓடும் முன் அதைச் சரிபார்க்கும் கம்பைலர் நிறுத்திவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் கோட்லின் நிரலும் அதே ஜே.டி.பி.சி. பாலத்தின் வழியாக 'கெட் இன்ட்' என்று கேட்டால், அதே பூஜ்யம்தான் கேள்விக்குறி இல்லாமல் கம்பீரமாக உள்ளே வரும். கம்பைலர் வணக்கம் வைத்து அனுப்பும். ஏனென்றால் காலி, வாசலைத் தாண்டும் முன்பே எண்ணாக வேஷம் போட்டுவிட்டது. மொழி எவ்வளவு கறாராக இருந்தாலும், வாசலில் நிற்பவர் தரும் தாளைத்தான் அது படிக்கிறது.

கோ மொழி வேறு மாதிரி. காலிக் கட்டத்தைச் சாதாரணச் சரமாக எடுக்கப் போனால் முடியாது என்று பிழை சொல்லி நின்றுவிடும். எனக்கு இந்த முரட்டுத்தனம் பிடிக்கும். வேண்டுமென்றால் 'நல் ஸ்ட்ரிங்' என்ற இரண்டு அறைப் பெட்டியில் வாங்கிக்கொள்ள வேண்டும்: ஓர் அறையில் மதிப்பு, இன்னொன்றில் அது செல்லுமா என்ற குறி. பார்க்க அழகில்லை. எழுத அலுப்பு. ஆனால் பொய் இல்லை. ரஸ்ட் மொழியில் 'ஆப்ஷன்' என்ற வகை இருக்கிறது. மதிப்பு உண்டு, இல்லை என்ற இரண்டு வழிக்கும் பதில் எழுதினால்தான் நிரல் தயாராகும். அதோடு டீசல் போன்ற நூலகங்கள், அட்டவணையில் எந்தப் பத்தி காலியாக இருக்கலாம் என்பதையும் வகையாகவே வைத்துக்கொண்டு, நிரல் ஓடும் முன்பே ஒத்துப் பார்க்கின்றன. ஹாஸ்கெல் மொழியில் இந்த யோசனை முன்பே உண்டு, 'மேபி' என்ற பெயரில்.

ஓர் எச்சரிக்கை. அட்டவணையில், காலி கூடாது என்று கட்டுப்பாடு வைத்த பத்திகூட இரண்டு அட்டவணைகளை இடதுபக்கமாக இணைக்கும்போது காலியாக வரும். ஊரில் உள்ள எல்லோர் பட்டியலோடும் உதவித்தொகை பெறுவோர் பட்டியலை இணைத்தால், பெறாதவர்களுக்கு எதிரே தொகைக் கட்டம் 'நல்'தான். அட்டவணையை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். விடையாக வரும் வரிசையின் வகையைப் பார்க்க வேண்டும்.

சரி, காலியே வேண்டாம், எல்லாக் கட்டத்துக்கும் நட்சத்திரம் போட்டுக் கட்டாயம் ஆக்கிவிட்டால்? இதற்குத் தமிழர்களிடம் நல்ல பதில் இருக்கிறது, நம் பெயர்தான் அந்தப் பதில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன் என்பவர் முருகன்தான்; முன்னால் நிற்கும் எழுத்து தந்தையினுடையது. குடும்பப் பெயர் என்ற கட்டம் நம்மில் பலருக்குக் காட் சொன்ன இரண்டாவது வகை, பொருந்தாது. இந்தியக் கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட இடமும் இருக்கிறது. ஆனால் இணையப் படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் நிற்கிறது, நிரப்பாமல் நகராது. என்ன செய்கிறோம்? ஒரு புள்ளி வைக்கிறோம். அல்லது முருகன் முருகன் என்று இரண்டு தடவை எழுதுகிறோம். அல்லது அப்பாவைக் குடும்பமாக்குகிறோம். கட்டாயம் என்று வைத்தவருக்குத் தன் அட்டவணையில் காலியே இல்லை என்று பெருமை. உள்ளே போய்ப் பார்த்தால் புள்ளிகள்.

அமெரிக்க விசாவில் என்ன நடக்கிறது தெரியுமா? கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடிக்கிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த அதிகாரிக்குத் தெரியும், இது குறிப்பு, பெயர் அல்ல என்று. அடுத்த வாசலில், ஓட்டுநர் உரிமம் தரும் இடத்துக் கணினிக்கு அது மூன்று எழுத்துள்ள ஒரு சரம், அவ்வளவுதான். ஆகவே அங்கே நம்மவர்கள் பலருக்கு உரிமத்தில் பெயரே எஃப்.என்.யூ. என்று ஆகிவிட்டது. திருச்சியிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் விமானம் ஏறுகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி வந்தது. விமான நிறுவனங்கள் அவசரச் சுற்றறிக்கை விட்டன. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்ந்தது. காலி என்பதை, விவரம் குறைவு என்று மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு முறை, பிறந்ததிலிருந்து முழுப்பெயரோடு வாழ்ந்தவரைப் பார்த்து உன் பெயர் முழுமையில்லை என்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், குறும்பாகத் தன் காருக்கு 'நல்' என்ற எழுத்துகளையே எண் பலகையாக வாங்கினார். வண்டி எண் குறிக்கப்படாத அபராதச் சீட்டுகள் எல்லாம் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தன, 12,000 டாலருக்கு மேல். காலியையும், காலி என்று எழுதிய எழுத்தையும் எங்கோ ஒரு வாசல் ஒன்றாக்கியிருந்தது. 2019இல் அவரே மாநாட்டில் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

பெயரைவிட நம் கிராமங்களை அதிகம் தொடுவது பிறந்த தேதி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். அதற்கு முன்னும், அதற்குப் பின் பல வருடங்களும், வீட்டிலேயே பிறந்த குழந்தைகளுக்குத் தேதி எழுதி வைத்தவர்கள் குறைவு. பெரிய வெள்ளம் வந்த வருஷம், இந்த அக்கா சமைந்த வருஷம் என்றுதான் கணக்கு. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர், ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காக மே, ஜூனில் ஒரு தேதி போட்டுக் கொடுப்பார். பள்ளிக்கே போகாதவர்களுக்கு ஆதார் வந்தது. வயது மட்டும் சொன்னால், பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, தேதிக்கு ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டார்கள். 2017இல் ஹரித்துவார் பக்கம் ஒரு கிராமத்தில் ஊரே ஜனவரி 1இல் பிறந்ததாகச் செய்தி வந்தபோது விளக்கமும் இதுதான்.

ஆதாரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பதிவில் தேதியோடு, இது சான்று பார்த்து எழுதியது, இது அவரே சொன்னது, இது தோராயம் என்று நிலையைக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். பழைய அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும் அச்சாகியிருக்கும், நேர்மையான அச்சு. கெட்டுப்போவது அடுத்த வாசலில். அட்டையில் ஆண்டு மட்டும் இருக்கும், வாங்குகிற மென்பொருள் நாளும் மாதமும் கேட்கும், தட்டச்சு செய்பவர் 01-01 போட்டு நகர்வார். முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது. அந்த 01-01 ஒருவருக்குப் பல மாதங்களை முன்னால் தரலாம். தோராயக் கணக்கில் ஆண்டே தள்ளிப் போனவருக்குப் பின்னால் இழுக்கலாம். தோராயம் என்ற ஒற்றைச் சொல் கூடவே வந்திருந்தால், மனுவைப் பார்ப்பவர் விசாரிக்கவாவது செய்வார்.

தெரியாததைத் தெரியாது என்றே எழுதவும் வழி உண்டு. சர்வதேசக் கடவுச்சீட்டுத் தரத்தைப் பாருங்கள். பிறந்த நாளோ மாதமோ தெரியாதவருக்கு அந்த இடத்தில் இரண்டு எக்ஸ் எழுத்து அச்சிடலாம். கணினி படிக்கும் வரியில் நிரப்புக் குறி போடலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டவாரி மழைத் தரவில், அளவு இல்லாத இடத்துக்கு -999 என்று வைத்திருக்கிறார்கள். வகை பார்க்கும் மொழிக்கு இதுவும் ஓர் எண்தான், கவனிக்காமல் சராசரி எடுத்தால் பூமி வறண்டுவிடும். ஆனாலும் பூஜ்யத்தைவிட மேல். மழை கழித்தலில் பெய்யாது என்பதால் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

மாணவர்களுக்குச் செய்முறையாகச் சில வார்த்தைகள். வரிசை உள்ளே வரும் இடத்தை நிரல் முழுக்கச் சிதற விடாதீர்கள், ஓர் இடத்தில் வையுங்கள். காலியாக இருக்கக்கூடிய பத்திக்கு, காலியைத் தாங்கும் வகையைக் கொடுங்கள். ஜாவாவில் 'கெட் இன்ட்'டுக்குப் பதில் 'கெட் ஆப்ஜெக்ட்' என்று கேட்டு, 'இன்டீஜர்' வகையில் வாங்கினால் காலி காலியாகவே வரும். பொருந்தாது, தெரியாது என்ற இரண்டும் உங்கள் வேலைக்கு வேறு வேறு என்றால், ஒரே 'ஆப்ஷன்' போதாது. மூன்று வழியுள்ள வகை ஒன்றை நீங்களே எழுதுங்கள், அட்டவணையிலும் நிலைக்கென்று ஒரு பத்தி வையுங்கள். பூஜ்யமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற முடிவு சில இடங்களில் சரிதான். அதைத் திரையிலோ அறிக்கையிலோ கடைசியாகக் காட்டுமிடத்தில், பெயர் சொல்லி எடுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன பழைய அட்டவணையை என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். போன காலியைத் திரும்ப வாங்க முடியாது தம்பி, ஆனால் எங்கே போனது என்று கண்டுபிடிக்கலாம். 10,000 பேர் பட்டியலில், பிறந்த நாள் ஓரளவு சீராகப் பரவியிருந்தால் ஜனவரி 1க்கு 27 பேர் போல விழ வேண்டும். எண்ணிப் பாருங்கள். 1,500 என்று வந்தால் அதில் பெரும்பகுதி யாரோ போட்ட தேதி. மே, ஜூன் மாதங்களையும் இதேபோல் பார்த்துவிடுங்கள். தேதியை அழிக்காதீர்கள், அதை நம்பி எங்கோ ஓர் அட்டை ஏற்கெனவே அச்சாகியிருக்கும். பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து, அந்த வரிசைகளுக்கெல்லாம் 'ஊகம்' என்று குறித்து வையுங்கள். சான்றோடு ஒருவர் வந்தால், அவர் வரிசையில் மட்டும் அந்தக் குறியை எடுங்கள்.